துப்பறியும் ஊர்

ஊரில் ஒருவர் காணாமற் போனால், அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் துப்பறியும் நிலையமாக மாறிவிடுகின்றது. குருநகரும் இதற்கு விலக்கன்று. வலை பொத்தும் இடத்திலும், இறங்குதுறையிலும், தேநீர்க்கடை வாங்கிலும், வாசிகசாலைப் பத்திரிகை மேசையிலும் ஒரே பேச்சுத்தான். சந்தேகத்துக்குரியவன் யார் என்பது முதல் மணி நேரத்திலேயே தீர்மானமாகி விடுகின்றது. அதன் பின் எஞ்சும் வேலை ஒன்றே. ‘அந்நேரம் நான் அங்கில்லை, வேறிடத்தில் இருந்தேன்’ என்று அவன் கூறுவதில் ஓட்டை தேடுவதுதான் அது. பஸ் எத்தனை மணிக்கு வந்தது? கடையைச் சாத்தியது எப்போது? கமராவிற் பதிந்தவன் அவன்தானா? சட்டத்துறையினர் ‘அலிபி’ என்று கூறும் இந்த வேற்றிட வாதத்தைப் பிரித்தெறிவதில் நம்மவர் காட்டும் சாமர்த்தியம் வியப்புக்குரியது.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு சமுதாயம் எவருடைய கூற்றைத் துருவி ஆராய்கின்றது, எவருடைய கூற்றைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றது என்பதில் அச்சமுதாயத்தின் அதிகார அமைப்பு முழுவதும் வெளிப்படுகின்றது. ஆதலின் ஊரார் ஊகமும் விமர்சனத்துக்குரிய பொருளே.

தமிழிலக்கியம் கற்றோர்க்கு இது புதிய செய்தியன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை மீண்டும் எடுத்துப் பாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், தன் களவு வெளிப்படுமுன் வேறொருவன் தலையிற் பழியைச் சுமத்த வழி தேடுகின்றான். அவன் முன் வந்து நிற்கின்றான் ஊருக்குப் புதியவனான கோவலன். காவலாளர் கோவலனைக் கண்டதும் தயங்குகின்றனர்; இவன் தோற்றத்திற் கள்வனின் அடையாளம் இல்லை என்கின்றனர். அப்போது பொற்கொல்லன் செய்வது யாது? களவு நூல் பற்றி ஒரு விரிவுரையே ஆற்றுகின்றான். மருந்து, மந்திரம், நிமித்தம், காலம், இடம் முதலான எட்டினைக் கள்வர் துணைக்கொள்வர் என்று விளக்குகின்றான். ஒவ்வொன்றுக்கும் கதை சொல்லுகின்றான். உடனே இளங்காவலன் ஒருவன் தான் கண்ட கள்வன் கதையை எடுத்து விடுகின்றான். இவ்வாறு பேச்சு முற்றிக்கொண்டிருக்கையில், கல்லாதவனும் கள்வெறி கொண்டவனுமான ஒருவனின் வாள் இறங்கிவிடுகின்றது.

இக்காட்சியில் ‘காலம்’, ‘இடம்’ என்னும் சொற்கள் எவ்வளவு தாராளமாக வழங்குகின்றன! ஆயின் கேட்கப்பட வேண்டிய கேள்வியை எவருமே கேட்கவில்லை. அரசியின் சிலம்பு எந்நாளிற் காணாமற் போயிற்று? அந்நாளிற் கோவலன் எங்கே இருந்தான்? இவ்விரு கேள்விகளையும் கேட்டிருந்தால், அவன் புகாரிலிருந்து வழிநடந்து அண்மையிலேயே மதுரையை அடைந்தவன் என்பதற்குக் கவுந்தியடிகளும் மாதரியும் சாட்சியாகியிருப்பர். அரண்மனையும் கேட்கவில்லை, காவலரும் கேட்கவில்லை. ஊகத்தில் திளைத்தவர்க்கு விசாரணைக்கு நேரமில்லை. பின்னர்க் கண்ணகி வந்து சிலம்பை உடைத்துப் பரலைக் காட்டியபோதே முதன்முறையாக அவ்வழக்கில் ஒரு சான்று அவையேறிற்று. அதற்குள் உயிர் போய்விட்டது.

மேனாட்டு இலக்கியத்திலும் துப்பறியும் கதை பிறந்த காலத்திலேயே இந்நோயும் உடன்பிறந்தது. 1841 ஜூலை 25 அன்று நியூயோர்க் நகரில், சுருட்டுக் கடையில் வேலை செய்து பெயர் பெற்றிருந்த மேரி ரோஜர்ஸ் என்னும் பெண் வீட்டிலிருந்து புறப்பட்டுச் சென்று காணாமற் போனாள். மூன்று நாளின் பின் அவள் உடல் ஹட்சன் ஆற்றின் மறுகரையிற் கண்டெடுக்கப்பட்டது. பத்திரிகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கொலைகாரனைக் கண்டுபிடித்தன. அவளை மணக்கவிருந்த இளைஞன் மீதும் சந்தேகம் விழுந்தது. அன்றைய நாளைத் தான் எங்கெங்கே கழித்தான் என்பதற்கு அவன் சத்தியக் கடதாசிகளோடு கணக்குக் காட்டினான், அது ஏற்கப்பட்டது. எனினும் அவ்வாண்டு ஒக்டோபரில், அவள் உடல் கிடைத்த பகுதிக்கே சென்று அவன் உயிரை விட்டான்.

எட்கர் அலன் போ இவ்வழக்கைப் பாரிஸ் நகருக்கு மாற்றி, ‘மரி ரோஜேயின் மர்மம்’ என்னும் கதையை 1842 நவம்பர் தொடக்கம் மூன்று பகுதிகளாக வெளியிட்டார். பத்திரிகைச் செய்திகளை மட்டும் படித்து, நாற்காலியை விட்டு எழாமலே உண்மையைக் கண்டறியலாம் என்பது அவர் கொண்ட துணிபு. கதை வெளிவந்து கொண்டிருக்கும்போதே, ஆற்றங்கரை விடுதிக்காரி ஒருத்தி மரணப் படுக்கையில் வேறொரு வரலாற்றைக் கூறினாள் என்ற செய்தி பரவிற்று. கதையின் மூன்றாம் பகுதி தாமதமாயிற்று. 1845இல் நூலாக்கும்போது, புதிய செய்திக்கும் இடமளிக்குமாறு கதையை ஆங்காங்கே மாற்றினார். கற்பனையில் எழுதிய கதையைத் திருத்தலாம், தடையில்லை. ஆனால் தேநீர்க்கடையிற் கொலைகாரனாக்கப்பட்ட மனிதனுக்கு இரண்டாம் பதிப்பு உண்டா? மேரி ரோஜர்ஸ் வழக்கிற் குற்றவாளி யார் என்பது என்றுமே நிறுவப்படவில்லை.

நம் நாட்டிற் பல்லாயிரம் பேரைத் துப்பறிவாளராக்கிய வழக்கு ஒன்றுண்டெனில் அது சதாசிவம் வழக்கே. காணாமற் போனவர் வழக்கன்று அது. உடல் வீட்டிலேயே கிடைத்தது. ஆயினும் வேற்றிட வாதம் என்பது யாது என்பதை அதனைப் போல் விளக்கவல்ல வழக்கு நமக்கு வேறில்லை. 1948இற் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கெதிராக இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய துடுப்பாட்ட வீரர் மகாதேவ சதாசிவம். 1951 ஒக்டோபர் 9 அன்று பம்பலப்பிட்டியில் அவருடைய மனைவி கொலையுண்டார். சதாசிவம் காலை 10.30 மணியளவில் வாடகைக் காரில் வீட்டை விட்டுப் புறப்பட்டவர். வீட்டு வேலையாளான வில்லியம் என்ற இளைஞன் தலைமறைவாகிப் பின்னர் தென்மாகாணத்திற் பிடிபட்டான். கொலையைச் செய்தவர் சதாசிவமே என்றும், தான் உதவி மட்டுமே செய்ததாகவும் அவன் கூறினான். நிபந்தனை மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியும் ஆனான்.

ஊர் உடனே இரண்டாயிற்று. மதுவும் கேளிக்கையுமாய்த் திரிந்த செல்வன் செய்யாமல் யார் செய்வார் என்றது ஒரு கூட்டம். நம் வீரர் அப்படிச் செய்வாரா என்றது மற்றொன்று. இரு கூட்டமும் மனிதனின் குணத்தை எடைபோட்டன. நேரத்தை எடைபோட்டது நீதிமன்றம் மட்டுமே. சதாசிவம் எத்தனை மணிக்குப் புறப்பட்டார் என்பதன்று அங்கே தகராறு. அவர் புறப்படும்போது மனைவி உயிரோடிருந்தாரா என்பதே கேள்வி. பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம் உடலின் வெப்பம் தணியும் வேகத்தைக் கொண்டு இறந்த நேரத்தைக் கணித்தார். எதிர்த்தரப்போ எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் அவர்களை அழைத்து வந்தது. உடற்சூட்டைக் கொண்டு நேரத்தை அவ்வளவு குறுக்கி வரையறுக்க இயலாது என்பதே எதிர்த்தரப்பின் வாதத்தின் சாரம். வெலிக்கடையிற் தூக்கிலிடப்பட்ட 41 கைதிகளின் உடல்களில் நடத்திய வெப்ப அளவீடுகளை டி சேரமும் உடன் ஆய்வாளர்களும் 1955இல் வெளியிட்டனர் என்பதிலிருந்து, அக்கேள்வி எத்துணைக் கடினமானது என்பதை உணரலாம். 57 நாள் நடந்த விசாரணையின் முடிவில், 1953 ஜூன் 25 அன்று, சதாசிவம் குற்றவாளியல்லர் என யூரர்கள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். அதற்குள் அவர் இருபது மாதம் விளக்கமறியலிற் கழித்துவிட்டார்.

இவ்வழக்கில் நம்மைப் போன்ற இடதுசாரி எண்ணமுடையோர் சிந்திக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. சதாசிவத்துக்காக வாதாடியவர் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா. தொழிலாளர் தலைவர், செல்வச் செழிப்பில் வாழ்ந்த ஒருவரைக் காக்க, ஏழை வேலைக்காரன் ஒருவனின் சாட்சியத்தைத் துண்டு துண்டாக்கினாரே என்று மனம் குறுகுறுக்கக்கூடும். அந்தக் குறுகுறுப்பை நாம் சற்றே நின்று ஆராய வேண்டும். ஏழை என்பதால் ஒருவன் பொய்யனாகான். அதுபோலவே ஏழை என்பதால் அவன் சொல் மெய்யாகிவிடுவதுமில்லை. வர்க்கம் பற்றிய அறிவு, எவனுக்குச் சட்டத்தரணி கிடைப்பான், எவனை அடித்து வாக்குமூலம் வாங்குவர், எவனுக்காக எடின்பரோவிலிருந்து நிபுணர் வருவார் என்பனவற்றை விளக்கும். அன்று காலை அவ்வீட்டில் நடந்தது யாது என்பதை அது விளக்காது. அதற்குச் சான்று வேண்டும். வர்க்கத்தைக் காட்டிக் குற்றத்தை முடிவு செய்பவன், சாதியைக் காட்டியும் ஊரைக் காட்டியும் முடிவு செய்பவனோடு தோளுரசி நிற்கின்றான்.

வேற்றிட வாதம் இரு தலையுடைய கயிறு. ஒரு தலையிற் சந்தேகத்துக்குரியவன் இருந்த இடமும் நேரமும். மறு தலையிற் குற்றம் நிகழ்ந்த இடமும் நேரமும். இரண்டாவது தலை எங்கேனும் கட்டப்பட்டிருந்தால்தான் முதலாவதை இழுத்துப் பார்ப்பதிற் பொருளுண்டு. சதாசிவம் வழக்கில், உடலும் வீடும் கண்முன் இருந்தும், அந்த இரண்டாம் தலையைக் கட்டுவதற்கு அத்தனை பேராசிரியர்கள் முயன்றும் இறுதியிற் கட்ட முடியவில்லை. காணாமற் போனவர் வழக்கில் உடலும் இல்லை, இடமும் தெரியாது, நேரமும் தெரியாது. அவ்வாறிருக்க, சந்தேகத்துக்குரியவனின் அரை மணி நேரத்தில் ஓட்டை கண்டுவிட்டோம் என்று ஊரார் குதூகலிப்பது எந்த அரை மணி நேரத்தை வைத்து? எவனுடைய நாளை எடுத்துக்கொண்டாலும் சாட்சியில்லாத அரை மணி நேரம் ஒன்று அகப்படும். தனிமையில் உறங்கியவனுக்கு யார் சாட்சி?

சட்டம் இதனை நன்கறிந்தே பேசுகின்றது. வேற்றிட வாதத்தை எதிரி ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அதனை நீதிமன்றம் முழுதும் நம்பாவிடினும், பொய்யென்று தள்ளவும் முடியாதிருந்தால், அந்த ஐயத்தின் பயன் எதிரிக்கே உரியது என்பது இலங்கை மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் வகுத்த நெறி. நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டுபவன் தோளிலேயே என்றும் இருக்கும். தேநீர்க்கடையோ பாரத்தைத் தூக்கி மற்றவன் தோளில் வைக்கின்றது: ‘நீ எங்கே இருந்தாய் என்று நிரூபி; இல்லையேல் நீதான்.’

இந்த வாக்கியத்தை நாம் வேறெங்கோ கேட்டதில்லையா? யாழ்ப்பாணத்து மக்கள் முழுப் பேரும் பல பத்தாண்டுகள் கேட்ட வாக்கியம் இதுவே. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்றவர்களிடம் கேட்கப்பட்டது இதுவே. சுற்றிவளைப்பிற் கோயில் வீதியில் வெய்யிலில் குந்தியிருந்த இளைஞர்களைப் பார்த்து, முகம் மூடிய ‘தலையாட்டி’ தலையை அசைத்ததும் எழுந்த கேள்வி இதுவே. 1979இற் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், பொலிஸ் உயர் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கச் செய்தது. அது பலவந்தமாகப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் பாரத்தை எதிரியின் மேலேயே சுமத்திற்று. பாரம் இடம் மாறினால் என்ன நேரும் என்பதைக் குருநகர் போல் அறிந்த ஊர் எது? 1983 ஏப்ரலிற் குருநகர் இராணுவ முகாமிற் தடுத்து வைக்கப்பட்டிருந்த இளைஞர் ஒருவர் இறந்தார். யாழ்ப்பாண நீதவான் நடத்திய மரண விசாரணை அவ்வுடலிலிருந்த காயங்களை எண்ணிப் பதிந்து, அது மனிதக் கொலை என்று முடிவு கூறிற்று. ஊகம் அதனைச் செய்யவில்லை. எண்ணிப் பதிந்த காயங்களே செய்தன. இவ்வளவும் அறிந்த மக்கள், தம் அயலவன் ஒருவனை நோக்கி அதே வாக்கியத்தை உச்சரிப்பது எவ்வளவு பெரிய முரண்பாடு!

ஊகத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது பள்ளத்தை நோக்கிப் பாயும். எளியவனின் வேற்றிட வாதத்தை உடைக்கும் அதே ஊகம், வலியவனுக்கு வேற்றிட வாதம் ஒன்றைத் தானே தயாரித்தும் கொடுக்கின்றது. ‘அவன் வெளிநாடு போயிருப்பான்.’ ‘அவள் யாருடனோ ஓடியிருப்பாள்.’ ‘இயக்கத்திற் சேர்ந்திருப்பார்கள்.’ இப்பேச்சுகள் ஒவ்வொன்றும் யாரை விடுவிக்கின்றன என்பதைக் கவனியுங்கள். காணாமற் போனவரே தம்மைக் காணாமற் போக்கிக் கொண்டார். வேறு எவரும் அங்கில்லை! பத்திரிகையாளரும் கேலிச்சித்திரக்காரருமான பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 அன்று காணாமற் போனார். 2011 நவம்பரில் ஜெனீவாவில், ஐக்கிய நாடுகள் சபையின் சித்திரவதைக்கெதிரான குழுவின் முன், இலங்கைப் பிரதிநிதியாகச் சென்ற மொகான் பீரிஸ் அவர் வெளிநாட்டில் அடைக்கலம் புகுந்துள்ளார் என்றார். 2012இல் ஹோமாகம நீதிமன்றத்திற் சாட்சிக் கூட்டில் ஏற்றியபோது, எக்னெலிகொட இருக்குமிடம் கடவுளுக்கே தெரியும் என்றார். உலக சபையிற் கூறிய உறுதி, குறுக்குக் கேள்வி என்னும் ஊசி பட்டதும் காற்றுப்போயிற்று. அந்தக் குறுக்குக் கேள்விக்கு வழி திறந்தவர், நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கிய அவருடைய மனைவி சந்தியா.

1996 செப்டெம்பர் 7 அன்று கைதடிச் சோதனைச்சாவடியில் நிகழ்ந்ததையும் நினைவிற் கொள்க. சோதி எழுதி வீடு திரும்பிய மாணவி கிருசாந்தி குமாரசுவாமி அங்கே மறிக்கப்பட்டார். மறிக்கப்பட்டதைக் கண்டவர் இருந்தனர். அவர்கள் சொல்லியே தாய் தேடிப் புறப்பட்டார். தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் அச்சாவடிக்குச் சென்றனர், மூவரும் திரும்பவில்லை. நால்வரின் உடல்களும் பின்னர்த் தோண்டியெடுக்கப்பட்டன. 1998 ஜூலையிற் படையினர்க்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது, அவர்களுள் ஒருவன் செம்மணியில் முந்நூறு முதல் நானூறு வரையான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என்றான். 1999இல் 15 எலும்புக்கூடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 2025இற் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்விலோ இருநூறுக்கும் மேற்பட்டவை வெளிப்பட்டன. இவ்வழக்கைக் காத்தது எது? இறுதியாகக் கண்ட இடம், கண்ட நேரம், கண்டவர் யார் என்னும் மூன்றுமே. கயிற்றின் இரண்டாம் தலை கைதடியிற் கட்டப்பட்டிருந்தது. அதனை அவிழ்க்கப் படையாலும் முடியவில்லை.

மொழியாசிரியர் என்ற முறையில் ஒரு செய்தியையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். ‘காணாமற் போனார்’ என்பது தன்வினை. அவ்வாக்கியத்திற் போனவரே எழுவாய். வேறு எவருக்கும் அதில் இடமில்லை. இலக்கணமே குற்றவாளிக்கு வேற்றிட வாதம் செய்து கொடுக்கின்றது. ‘காணாமல் ஆக்கப்பட்டார்’ என்று சொல்லுங்கள். உடனே ‘ஆக்கியவர் யார்?’ என்னும் கேள்வி எழும். 2016இன் சட்டப்படி அமைந்த அரச நிறுவனம் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’ என்றே பெயர் பூண்டது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி வீதியோரத்திற் கொட்டகை அமைத்துப் போராடத் தொடங்கிய தாய்மாரோ ‘ஆக்கப்பட்டோர்’ என்றே எழுதினர். இலக்கணம் கற்ற நமக்கு முன்பே அத்தாய்மார் வினையைத் திருத்திவிட்டனர்.

அவ்வாறாயின் ஊரார் வாய்மூடியிருக்க வேண்டும் என்பதா? அன்று. வாய்மூடிய ஊரே குற்றவாளியின் முதல் நண்பன். செய்ய வேண்டியது வேறு. அதனைக் குருநகரே நமக்குக் கற்பிக்கின்றது. கடலுக்குச் சென்ற வள்ளம் விடியற்காலையிற் கரை திரும்பவில்லை எனில், இறங்குதுறையில் என்ன கேட்கின்றனர்? எவனோடு அவனுக்குப் பகை என்றா? இறுதியாகக் கண்ட வள்ளம் எது, எவ்விடத்தில் வலை விட்டான், எத்தனை மணி, வீசியது சோளகமா வாடையா என்றே கேட்கின்றனர். கண்டவனைத் தேடிப் பிடித்துக் கண்டதை மட்டும் சொல்லச் செய்கின்றனர். பின் அத்திசையில் வள்ளங்களை இறக்குகின்றனர். ஊகிக்க நேரமில்லை, உயிர் தண்ணீரில் இருக்கின்றது. தொழிலிற் கடைப்பிடிக்கும் இந்த விஞ்ஞான நோக்கைத் தரையேறியதும் கைவிடுவானேன்?

ஆசிரிய நண்பர்களும் மாணவரும் இதனைத் தம் கடமையாகக் கொள்ளலாம். ஒருவர் காணாமல் ஆக்கப்பட்டால், கண்டவரின் கூற்றை அன்றே, திகதியும் நேரமும் இட்டு, அவர் கூறியவாறே எழுதிக் கையொப்பம் பெறுக. கண்டதையும் கேள்விப்பட்டதையும் வேறு வேறு தாளில் எழுதுக. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குக. சாவடிகளதும் முகாம்களதும் பதிவேடுகளை நீதிமன்றில் வைக்கும்படி கோருக. ஏனெனில் நம் மண்ணிற் பெரும்பாலும் கடைசியாகக் கண்டவனின் கையிலேயே பேனாவும் இருந்தது. அயலவன் மீது சந்தேகம் எழுந்தால் அதனையும் பொலிஸில் எழுத்திற் கொடுங்கள். தேநீர்க்கடையிற் கொடுக்க வேண்டாம்.

கோவலனுக்காக நாம் இன்றும் கண்ணீர் வடிக்கின்றோம். வகுப்பறையில் அக்காதையை நடத்தும்போது குரல் தழுதழுக்கின்றோம். ஆயின் அவனைக் கொன்றது பாண்டியன் ஒருவன் மட்டுமா? களவு நூலை விரித்தவனும், கதை சேர்த்தவனும், கேட்டுத் தலையசைத்தவர்களும் அங்கே இருந்தனர். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது ‘சிலம்பு போனது எந்நாள்?’ என்று கேட்டிருந்தாற் போதும். அந்த ஒருவரை உருவாக்குவதே கல்வியின் பணி.